ஓசிக் கிடங்கில் நம்ம சரக்கு

போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதினேன். எங்கள் வகுப்பிலேயே நான்கு பேர்தான் படித்தார்கள், அதில் ஒருவன் பாதியில் தூங்கிவிட்டதாக அவனே ஒப்புக்கொண்டான். ஆகவே இந்த முறை வேறு விஷயம். பி.காம். (சி.ஏ.) படிக்கிறவன் மென்பொருள் பற்றிப் பேசினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சிரிப்பார்கள் என்று தெரியும். சிரிக்கட்டும். நான் நிரலைப் பற்றிப் பேசப் போவதில்லை, நிரலை எங்கே வைக்கிறோம், யாரை நம்பி வைக்கிறோம் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது கணக்குப் பிள்ளையின் வேலைதானே :-)

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் மூல நிரலை வைத்துக்கொள்ளவும், பலர் சேர்ந்து திருத்தவும், குறைகளைப் பட்டியல் போடவும், பிறர் இறக்கிக்கொள்ளவும் இணையத்தில் ஓர் இடம் தேவைப்படுகிறது. கிட்ஹப், கிட்லேப், பிட்பக்கெட் என்று பல இடங்கள் உண்டு. பெரும்பாலும் இலவசம். எல்லாமே ஏதோ ஒரு கம்பெனிக்குச் சொந்தம். இன்று தமிழுக்காக எழுதப்படும் கட்டற்ற மென்பொருள்களில் முக்கால்வாசி (இது என் கண்ணளவு, கணக்கெடுப்பு இல்லை) கிட்ஹப்பில்தான் இருக்கின்றன. எழில் நிரல்மொழி அங்கே, ஓப்பன்-தமிழ் நூலகம் அங்கே, இ-கலப்பையும் அங்கே.

செவ்வாய்ப்பேட்டையில் பிறந்தவனுக்குக் கிடங்கு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். லீ பஜாரில் காலை பத்து மணிக்கு நடந்து பாருங்கள். பருப்பு மூட்டை, அரிசி மூட்டை, மிளகாய் மூட்டை, லாரி, தள்ளுவண்டி, நடுவில் நுழையப் பார்க்கும் ஸ்கூட்டி. மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் போனால் வெல்ல மண்டி. இங்கே ஒருவர் கிடங்கில் இன்னொருவர் மூட்டையை இறக்கினால் வாடகை உண்டு, சீட்டு உண்டு, சாவி யாரிடம் என்று தெரியும், மழை வந்து சரக்கு நனைந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதும் தெரியும். ஒருநாள் ஒருவர் வந்து, "வாடகையே வேண்டாம், எத்தனை மூட்டை வேணும்னாலும் போட்டுக்கோ, எத்தனை வருஷம் வேணும்னாலும் வெச்சுக்கோ" என்றால், பஜாரில் உள்ள எந்த வியாபாரியும் முதலில் கேட்பது "ஏன்?" என்றுதான். இணையத்தில் அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

கேட்டால் பதில் கிடைக்கும். மறைத்து வைத்த ரகசியம் ஒன்றும் இல்லை, வருடாந்தர அறிக்கையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதல் பெரிய ஓசிக் கிடங்கு சோர்ஸ்ஃபோர்ஜ். 1999 நவம்பரில் தொடங்கியது. நடத்தியது விஏ லினக்ஸ் என்ற அமெரிக்க கம்பெனி. லினக்ஸ் போட்ட கணினிகளை விற்பதுதான் அதன் தொழில். கட்டற்ற மென்பொருள் வளர்ந்தால் தன் கணினி விற்கும், ஆகவே இலவச இடம் கொடுத்தால் லாபம் என்பது கணக்கு. நியாயமான கணக்குதான். 1999 டிசம்பர் 9 அன்று அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. 30 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலை 239.25 டாலரில் முடிந்தது. ஒரே நாளில் கிட்டத்தட்ட 700 சதவீதம்! எங்கள் நிதி மேலாண்மைப் பாடத்தில் இதை ஏன் சொல்லித்தருவதில்லை என்று எனக்கு இன்னும் வருத்தம்.

அப்புறம் டாட்காம் குமிழி உடைந்தது. பங்கு ஒற்றை இலக்க டாலருக்கு இறங்கியது. 2001ல் கம்பெனி கணினி விற்கும் தொழிலையே மூடிவிட்டு, சோர்ஸ்ஃபோர்ஜை இயக்கும் மென்பொருளைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்கப் போனது. அதுவரை கட்டற்றதாக இருந்த அந்த மென்பொருளின் புதிய பதிப்புகள் மூடிய நிரல் ஆயின. கட்டற்ற மென்பொருள்களின் கிடங்கு, மூடிய நிரலில் ஓடியது! பழைய கட்டற்ற பதிப்பை எடுத்துச் சிலர் ஜிஃபோர்ஜ் என்று கிளை பிரித்தார்கள். அந்த ஜிஃபோர்ஜை வைத்துத்தான் நம் பக்கத்து மாநிலத்தில், திருவனந்தபுரத்தில், சரோவர் என்று இந்தியாவின் முதல் கட்டற்ற மென்பொருள் கிடங்கை நடத்தினார்கள். லினக்ஸென்ஸ் என்ற சிறு கம்பெனி பராமரித்தது, ரிவர் வேலி டெக்னாலஜிஸ் செலவை ஏற்றது. இருபது வருடத்துக்கு முன்பே நம் ஊர்க்காரர்கள் இதை யோசித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சோர்ஸ்ஃபோர்ஜின் பிற்காலம்தான் பரிதாபம். 2012ல் டைஸ் ஹோல்டிங்ஸ் என்ற கம்பெனி ஸ்லாஷ்டாட் உள்ளிட்ட இன்னும் இரண்டு தளங்களோடு சேர்த்து அதை 2 கோடி டாலருக்கு வாங்கியது. உள்ளே சரக்கு வைத்திருந்த ஆயிரக்கணக்கான நிரலாளர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிடங்கை விற்கிறபோது மூட்டையைக் கேட்டா விற்பார்கள்? வாங்கியவருக்குப் போட்ட பணம் திரும்ப வரவேண்டும். 2013ல் இறக்கும் கோப்புகளோடு விளம்பர மென்பொருளைச் சேர்த்துக் கட்டும் திட்டம் வந்தது. படம் திருத்தும் கிம்ப் மென்பொருள் குழுவினர் அதே வருடம் வெறுத்துப்போய் வெளியேறினார்கள். 2015 மே மாதம் பார்த்தால், அவர்கள் விட்டுப்போன விண்டோஸ் பக்கத்தைச் சோர்ஸ்ஃபோர்ஜே எடுத்துக்கொண்டு, கிம்ப்போடு விளம்பரச் சரக்கை ஒட்டி விநியோகித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் காலி செய்த பிறகும் அவர் பெயர்ப்பலகையை மாட்டிக் கலப்பட நெய் விற்பது போல. ஊரே திட்டிய பிறகு நிறுத்தினார்கள். 2016ல் மறுபடி கை மாறியது, புதிய முதலாளிகள் வந்ததும் அந்த விளம்பரத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை.

சின்னக் கம்பெனி, பணமில்லை, அதனால் இப்படி என்று நினைக்கிறீர்களா? கூகுளை எடுத்துக்கொள்வோம். 2006ல் கூகுள் கோட் என்று ஒரு கிடங்கு திறந்தார்கள். தமிழ்த் தட்டச்சுக்கு நம் அண்ணன்மார், அக்காமார் பயன்படுத்திய இ-கலப்பையின் மூன்றாம் பதிப்பு அங்கேதான் இருந்தது. இ-கலப்பையின் கதையே இந்தக் கட்டுரைக்காகச் செய்தது போல இருக்கும். தமிழா குழுவின் முதல் பதிப்புகள் கீமேன் என்ற, இன்னொரு கம்பெனியின் மென்பொருள் மீது ஏறி ஓடின. கீமேன் அப்போது கட்டற்றது அல்ல. பிறகு அந்தச் சார்பே வேண்டாம் என்று கட்டற்ற கருவிகளை வைத்துப் புதிதாக எழுதி, மூல நிரலைக் கூகுள் கோடில் வைத்தார்கள். ஒரு கம்பெனியின் கையிலிருந்து நிரலை விடுவித்து இன்னொரு கம்பெனியின் இடத்தில் வைத்தாயிற்று. (கீமேனை 2015ல் எஸ்ஐஎல் என்ற லாபநோக்கற்ற அமைப்பு வாங்கி, பிறகு கட்டற்றதாகவே வெளியிட்டது. காலம் எப்படியெல்லாம் திரும்புகிறது பாருங்கள்.)

2015 மார்ச் 12 அன்று கூகுள் அறிவித்தது, கடையை மூடுகிறோம் என்று. ஆகஸ்ட் 24 முதல் படிக்க மட்டும், 2016 ஜனவரி 25 முதல் முற்றாக மூடல். காரணம், அங்கே நடந்த நிர்வாக வேலையெல்லாம் குப்பைத் திட்டங்களை அகற்றுவதாகவே ஆகிவிட்டது, தங்கள் சொந்தத் திட்டங்களையே கிட்ஹப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். நன்றாகத்தான் மூடினார்கள், பத்து மாதம் அவகாசம் கொடுத்தார்கள், காப்பகமும் வைத்தார்கள். இ-கலப்பையும் பத்திரமாகக் கிட்ஹப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பழைய தமிழ்ப் பக்கங்களில் "இங்கே இறக்கிக்கொள்ளுங்கள்" என்று கொடுத்த சுட்டிகளெல்லாம் செத்துப்போயின. முதன்முதலாகத் தமிழில் தட்டச்ச முயன்று, அந்தச் சுட்டியைச் சொடுக்கி, ஒன்றும் வராமல் திரும்பிப்போனவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கிலும் ஏறாது.

அதே 2015ல் கிட்டோரியஸ் மூடியது. 2017 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் கோட்பிளெக்ஸை மூடியது. 2020ல் பிட்பக்கெட், மெர்குரியல் முறையில் வைத்திருந்த நிரல்களை ஏற்க மாட்டோம் என்று எடுத்துவிட்டது. இவை எல்லாவற்றிலும் பணக் கஷ்டம் காரணமில்லை. கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் இலவச சேவை என்பது ஒரு செலவு வரி. வருகிற முதலாளி யாராக இருந்தாலும், செலவுப் பக்கத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வருவார். நம் வரியில் விரல் நிற்கும் நாள் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நிரல் மட்டுமல்ல. நம் முந்தைய தலைமுறை இணையத் தமிழர்கள் எழுதிக் குவித்த மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் போன்ற குழுக்கள் யாஹூவின் இலவச இடத்தில்தான் இருந்தன. 2019 அக்டோபரில் அறிவிப்பு, அடுத்த சில மாதங்களில் பழைய மடல்கள் அழிப்பு, 2020 டிசம்பரில் மொத்தமாக மூடல். அதற்கும் முன்னால் 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் போனது. அதைப் பற்றி எழுதப் போனால் தனிக் கட்டுரை ஆகும், விடுங்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஒரு காரணம் உண்டு.

எங்கள் சித்தப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய பட்டறை இல்லை, பதினோரு பேருக்கு வேலை கொடுப்பவர். பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பது, வேலை முடித்த கொலுசை எடை போட்டு வாங்குவது, சேதாரம் கழிப்பது, கூலி கணக்கிடுவது, சனிக்கிழமை பைசல் செய்வது. இதுதான் தொழில். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் நானும் என் நண்பனும் (அவன் பி.சி.ஏ.) சேர்ந்து இதற்காக ஒரு சின்ன மென்பொருள் எழுதினோம். போனிலேயே பதியலாம், யார் கையில் எத்தனை கிராம் நிற்கிறது என்று உடனே தெரியும். நிரலும் தரவுகளும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் இலவச இடத்தில். மூன்று மாதம் ஜம்மென்று ஓடியது. சித்தப்பா சிட்டை எழுதுவதையே நிறுத்திவிட்டார். மாமன் மச்சானையெல்லாம் கூப்பிட்டு, போனைக் காட்டி, "எங்க அண்ணன் பையன் பண்ணது" என்று பெருமை வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி உள்ளே நுழைய முடியவில்லை. "உங்கள் கணக்கு ஆய்வில் உள்ளது" என்று ஒரு வரி. ஏன் என்று இல்லை, எப்போது திறப்பார்கள் என்று இல்லை. மடல் போட்டால், உங்கள் மடல் கிடைத்தது என்று ஒரு இயந்திரம் பதில் போட்டது. மறுபடி போட்டேன், அதே இயந்திரம், அதே பதில். தொலைபேசி எண் கிடையாது.

மறுநாள் சித்தப்பா கேட்டார். "ஏண்டா தம்பி, அந்தக் கடை எங்க இருக்கு? யாரைப் போய்ப் பார்க்கணும்? நான் வேணா வரேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் தீராத விவகாரம் எல்லாம் நேரில் போய் உட்கார்ந்து பேசித்தான் தீர்ந்திருக்கிறது. போய் உட்கார ஒரு பெஞ்சு கூட இல்லாத கடையோடு நாங்கள் வியாபாரம் வைத்திருந்தோம்.

சிக்கல் வந்தது ஒரு அக்காவின் கணக்கில். பல வருடமாகப் பற்றவைக்கும் வேலை செய்பவர். அந்த வாரம் 38 கிராம் வித்தியாசம். கொடுத்துவிட்டேன் என்கிறார் அவர், வரவில்லை என்கிறார் சித்தப்பா. வெள்ளி விற்கிற விலையில் 38 கிராம் அவருக்கு விளையாட்டில்லை. யாரும் கத்தவில்லை. "கம்ப்யூட்டர் வந்ததும் பாத்துக்கலாம்" என்று சித்தப்பா சொன்னார். அந்த அக்கா ஒன்றும் பேசாமல் கூலியில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வேலைக்கு வரவில்லை.

ஒன்பதாம் நாள் கணக்கு தானாகத் திறந்தது. "தவறுதலாக முடக்கப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்." உள்ளே போய்ப் பார்த்தால், புதன்கிழமை மாலை 38 கிராம் வரவு வைத்திருக்கிறது. சித்தப்பாவே பதிந்தது. அவர் அன்றைக்கே அந்த அக்கா வீட்டுக்குப் போய் மீதிக் கூலியைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். அந்த அக்கா காப்பி கொடுத்து உபசரித்தாராம். ஆனால் வேறு பட்டறைக்கு வருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாராம். அவ்வளவுதான்.

இதில் அந்த நிறுவனத்தை என்ன செய்ய முடியும் என்று எங்கள் வணிகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148ஆம் பிரிவிலிருந்து பெய்ல்மென்ட் வருகிறது, அதாவது ஒருவர் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பது. 151ஆம் பிரிவு சொல்கிறது, ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே அளவு கவனம்தான். ஆகா, கிடைத்தது வழி என்று துள்ளினேன். ஆனால் அந்தப் பிரிவுகள் பேசுவது சரக்கைப் பற்றி. மூட்டைக்குப் பொருந்தும், சர்வரில் இருக்கும் தரவுக்கு அப்படியே பொருத்த முடியாது. சரி, நுகர்வோர் நீதிமன்றம்? 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(42)ஆம் பிரிவு, சேவை என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, கட்டணமின்றிச் செய்யப்படும் சேவை இதில் சேராது என்று கதவைச் சாத்திவிடுகிறது. நம் தகவல்களை எடுத்துக்கொள்கிறார்களே, அதுவே விலைதானே என்று ஒரு வாதம் உண்டு. அதை வைத்துக்கொண்டு 38 கிராமுக்கு வழக்குப் போட முடியாது.

அதற்கும் மேலே, நாம் படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொடுக்கிய விதிமுறைகள் இருக்கின்றன. கிட்ஹப்பின் விதிகளையே எடுத்துப் படித்தேன். காரணத்தோடோ காரணமின்றியோ, முன்னறிவிப்போடோ இல்லாமலோ, எப்போது வேண்டுமானாலும் கணக்கை முடக்கலாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஒளித்து எழுதவில்லை. வழக்கு என்றால் கலிபோர்னியா சட்டம். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கலிபோர்னியாவுக்கு டவுன் பஸ் கிடையாது.

கம்பெனி நல்லபடி இருந்தாலும் அரசாங்கம் வாசலில் பூட்டுப் போடலாம். இது நம் நாட்டிலேயே நடந்தது. 2014 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி 32 முகவரிகளைத் தடுக்கச் சொல்லி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 31 அன்றுதான் விஷயம் வெளியே தெரிந்தது. பட்டியலில் கிட்ஹப், பேஸ்ட்பின், விமியோ, டெய்லிமோஷன், பழைய பக்கங்களைக் காக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் கூட. ஐஎஸ் பயங்கரவாதிகள் தொடர்பான பக்கங்கள் அங்கே இருக்கின்றன என்பது காரணம். ஒரு சில பக்கங்களுக்காக மொத்தத் தளத்தையும். கொஞ்ச நாளில் விலக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த நாட்களில் நிரலே தெரியாத பயங்கரவாதியைவிட, நிரல் மட்டுமே தெரிந்த பெங்களூர் இளைஞன்தான் அதிகம் அவதிப்பட்டிருப்பான். வேடிக்கை என்னவென்றால், 2020 மே மாதம் அதே இந்திய அரசு ஆரோக்ய சேது செயலியின் மூல நிரலைப் பொதுவில் வைத்தபோது எங்கே வைத்தது தெரியுமா? கிட்ஹப்பில்! அரசுக்கென்றே ஓப்பன்ஃபோர்ஜ் என்ற சொந்தக் கிடங்கு அப்போதே இருந்தும்.

வெளிநாட்டு அரசும் பூட்டுப் போடும். 2019 ஜூலையில் அமெரிக்கப் பொருளாதாரத் தடை காரணமாக ஈரான், சிரியா, கிரிமியா நிரலாளர்களின் கணக்குகளைக் கிட்ஹப் கட்டுப்படுத்தியது. அவர்கள் செய்த குற்றம் அந்த ஊரில் இருந்தது. 2021 ஜனவரியில் அமெரிக்க அரசிடம் அனுமதி வாங்கி ஈரானியர்களுக்கு மறுபடி திறந்தார்கள்.

அந்தக் கிட்ஹப்பையே மைக்ரோசாஃப்ட் 2018ல் 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2021ல் அங்கே குவிந்திருந்த பொது நிரல்களைப் படிக்கவைத்துக் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை வெளியிட்டார்கள், அடுத்த வருடம் கட்டணமும் வைத்தார்கள். பொதுவில் வைத்த நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் "ஏன் வாடகை வேண்டாம்?" என்ற பஜார் கேள்விக்கு ஒரு பதில் இங்கே கிடைத்துவிட்டது. மண்டியில் வெல்லம் வாங்குபவர் ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது வழக்கம். எல்லா மூட்டையிலும் கிள்ளி ஒரு புது மூட்டையே கட்டி விற்றால் அதற்கு என்ன பெயர் என்று 2022ல் வழக்கே போட்டார்கள்.

என் பி.சி.ஏ. நண்பன் இங்கே குறுக்கிடுவான். "டேய், கிட் என்பதே பரவலாக்கப்பட்ட முறை. நகல் எடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். கிட்ஹப் நாளைக்கே எரிந்தாலும் நிரல் சாகாது." உண்மை. அதன் பிறப்பே இந்தக் கதைதான். லினக்ஸ் கருவை எழுதுபவர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற ஒரு கம்பெனி மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தினார்கள். 2005 ஏப்ரலில் அந்த இலவச உரிமம் பறிபோனது. லினஸ் டோர்வால்ட்ஸ் அதே மாதம் உட்கார்ந்து கிட்டை எழுத ஆரம்பித்தார். ஓசியை நம்பிக் கெட்டதால் பிறந்த கருவியைக் கொண்டுபோய் நாம் எல்லோரும் ஒரே ஓசிக் கிடங்கில் அடுக்கியிருக்கிறோம்!

நண்பன் சொல்வது நிரலுக்குப் பொருந்தும். ஆனால் யார் என்ன குறை சொன்னார்கள், ஏன் இந்த எழுத்துருவில் 'ஸ்ரீ' உடைகிறது, அதை யார் எப்படித் தீர்த்தார்கள், எந்தத் திருத்தத்தை ஏன் மறுத்தார்கள் என்ற பேச்செல்லாம் கிட்டுக்குள் இல்லை. அது கம்பெனியின் தரவுத்தளத்தில் இருக்கிறது. தமிழ்க் கணிமையில் பாதி அறிவு அந்தப் பேச்சில்தான். நகல் எடுத்த "ஒவ்வொருவரும்" என்பதும் லினக்ஸுக்குச் சரி. ஒரே ஆள் எழுதி, ஐந்து பேர் இறக்கிய தமிழ்ப் பிழைதிருத்திக்கு அந்த ஐந்து பேர் யார், அவர்கள் ஹார்ட்டிஸ்க் உயிரோடு இருக்கிறதா?

இதற்காகக் கிட்ஹப்பை விட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்கள் ஒரு ரூபாய் செலவில்லாமல் கற்றுக்கொண்டது அங்கேதான். சொந்தமாக சர்வர் வைக்கிறேன் என்று கிளம்பினால் எங்கள் தெரு மின்வெட்டுக்கே அது தாங்காது. மாத வாடகை, பராமரிப்பு, தாக்குதல் வந்தால் ராத்திரி எழுந்து பார்க்க ஆள், இதெல்லாம் யார் தருவார்? சரோவரை நடத்தியவர்களைக் கேட்டால் தெரியும் அந்தக் கஷ்டம்.

ஆனால் நடுவில் வழிகள் இருக்கின்றன. மலையாளக் கணிமைக்காரர்கள், சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர், தங்கள் எழுத்துருக்களை நெடுங்காலம் குனு அமைப்பின் சவானா கிடங்கில் வைத்திருந்தார்கள். பார்க்கப் பழசாக இருக்கும், ஆனால் பங்குதாரர் கிடையாது, விற்க முடியாது. ஜெர்மனியில் கோட்பெர்க் என்று ஒன்று இருக்கிறது, பதிவு செய்யப்பட்ட சங்கம், உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் ஓடுகிறது. நம் ஊர் கூட்டுறவுச் சங்கம் மாதிரி, ஆனால் தேர்தலில் அடிதடி இல்லை என்று நம்புகிறேன் :-) பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016ல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ், உலகில் பொதுவில் உள்ள மூல நிரல்களையெல்லாம் சேகரித்து வைக்கிறது. அங்கே நம் திட்டத்தின் முகவரியைக் கொடுத்தால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். இரண்டு நிமிட வேலை. தமிழ் இணையக் கல்விக்கழகம் மாதிரியான நம் அரசு அமைப்பு ஒன்று, தமிழ் மென்பொருள்கள் அத்தனைக்கும் ஒரு நிழல் நகல் வைத்தால் அதற்கு ஆகும் செலவு ஒரு மாநாட்டுப் பந்தல் செலவில் நூறில் ஒரு பங்குகூட வராது. இது என் கருத்து, பந்தல்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

அது நடக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேர் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறோம். தமிழ் மென்பொருள் என்று கண்ணில் படுவதையெல்லாம் முழு வரலாற்றோடு நகல் எடுத்து, இரண்டு ஹார்ட்டிஸ்க்கில் போட்டு, வேறு வேறு வீட்டில் வைப்பது. குறைகளைப் பற்றிய பேச்சையும் சேர்த்து இறக்க நண்பன் ஒரு நிரல் எழுதியிருக்கிறான். இதுவரை 64 திட்டங்கள் முடிந்தன. எல்லாம் சேர்த்தும் இரண்டு சினிமா அளவுக்குக்கூட வரவில்லை. அதில் ஏழு திட்டங்களின் பக்கங்களில் பல வருடமாக ஆள் நடமாட்டமே இல்லை. ஒன்றில், எழுதியவர் 2013ல் "அடுத்த வாரம் சரிசெய்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனதோடு சரி.

எங்கள் கல்லூரி நண்பர்களுக்கு: உங்கள் சீனியர்களின் புராஜெக்ட், அண்ணன் எழுதிய எழுத்துரு மாற்றி, பழைய சிடியில் கிடக்கும் தமிழ் அகராதி நிரல், எதுவாக இருந்தாலும் திங்கட்கிழமை கொண்டு வாருங்கள். பி.காம். பிளாக், இரண்டாவது மாடி, மதிய இடைவேளை. பென்டிரைவ் வைரஸ் இல்லாமல் இருந்தால் நல்லது.